தேரூர்க் குளக்கரையில் துருவ நட்சத்திரம்

எங்கள் குமரி மாவட்டத்தில் துருவ நட்சத்திரத்தைக் காண விரும்புபவர் அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. அடிவானத்தை ஒட்டித்தான் தேட வேண்டும். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில்தான் அவ்வூருக்குத் துருவம் நிற்கும் என்பதால், டெல்லியில் 28 பாகைக்கு மேலும் சென்னையில் 13 பாகையுமாக நிற்கும் அதே விண்மீன், நாகர்கோவிலில் 8 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கையை முன்னால் நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. நம் துருவம் அதற்குள் அடங்கிவிடும். உச்சிவானத்து விண்மீனின் ஒளியைக் காட்டிலும் ஏறக்குறைய 7 மடங்கு காற்றைக் கடந்து வருவதால் அது மங்கலாகவே தெரியும். மலையடிவாரத்து ஊர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

சென்ற சித்திரையில், கோடைமழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில், அப்பாவை அழைத்துக்கொண்டு தேரூர்க் குளத்தின் தென்கரைக்குச் சென்றேன். ஒன்பதரை மணிக்கு வடவானில் சப்தரிஷி மண்டலம் முழுதாக விரிந்திருந்தது. சங்கப் புலவர்கள் எழுமீன் என்று பாடியது இதைத்தான். எனக்கும் அந்தப் பெயரே பிடிக்கும்.

அப்பா முதலில் தேடியது அருந்ததியை. சப்தரிஷி மண்டலத்தின் வளைந்த வாலின் நடுவில் இருக்கும் வசிஷ்டர் என்ற விண்மீனை ஒட்டி, ஒரு கடுகைப் போல அது இருக்கிறது. தம் கல்யாணத்தன்று புரோகிதர் கைகாட்டிய பகல் வானத்தைப் பார்த்துத் தலையசைத்ததாகவும், கண்புரை அறுவைக்குப் பிறகு இப்போதுதான் உண்மையாகவே அதைப் பார்ப்பதாகவும் சொன்னார். அம்மா இருந்திருந்தால் அவளுக்கும் காட்டியிருக்கலாம் என்றார். அதன்பின் நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

அந்த நேரத்தில், மண்டலத்தில் வாலுக்கு எதிர்முனையில் இருக்கும் இரு விண்மீன்களில் புலகர் மேலும் கிரது கீழுமாக, இரண்டும் ஏறத்தாழச் செங்குத்தாக நின்றன. அவற்றின் இடைவெளியைப் போல ஐந்து மடங்கு நேர்கீழே கண்ணை இறக்கினால் துருவம். வலப்பக்கம் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. வடக்கே மலைமுகட்டின் மேல் மழைமேகத்தின் எச்சம் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. கால்மணி நேரம் காத்திருந்தோம். பிறகு, முகட்டுக்குச் சற்று மேலே, மஞ்சள் கலந்த ஒரு புள்ளி தெரிந்தது. அப்பா கையை நீட்டி, முஷ்டியை மலையின் மேல் வைத்து அளந்து பார்த்தார்.