நம்பிக்கை இடைவெளியை முதலில் படித்திருந்தால்

புள்ளியியலின் தொடக்கப் பாடத்தில் ஒரு கூற்று தரவோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் கருதுகோள் சோதனையை ஓர் அத்தியாயமாகவும், தெரியாத ஒரு மதிப்புக்குத் தரவிலிருந்து கீழெல்லையும் மேலெல்லையும் வகுக்கும் நம்பிக்கை இடைவெளியை வேறோர் அத்தியாயமாகவும் நான் படித்தேன். இரண்டுக்கும் தனித்தனிச் சூத்திரங்களை மனப்பாடம் செய்தேன், தேர்விலும் தேறினேன். இரண்டும் ஒரே கணக்குதான் என்பது, பல ஆண்டுகள் கழித்து வேறொருவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புலப்பட்டது. இடைவெளியை முதலில் கற்பித்து, சோதனையை அதிலிருந்து வருவித்துக் காட்டுவதே சரியான வரிசை என்று இப்போது உறுதியாக எண்ணுகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 500 கிராம் என்று அச்சிடப்பட்ட பொட்டலங்களில் 16ஐச் சமவாய்ப்பு முறையில் எடுத்து நிறுக்கிறோம். சராசரி 496 கிராம், திட்டவிலக்கம் 8 கிராம். ஒவ்வொரு பொட்டலமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைத் திட்டவிலக்கம் சொல்கிறது. நமக்கு வேண்டியதோ, இன்னொரு 16 பொட்டலங்களை எடுத்திருந்தால் அந்தச் சராசரியே எவ்வளவு மாறியிருக்கும் என்பது. அதுதான் திட்டப்பிழை. திட்டவிலக்கத்தை மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால், அதாவது 8ஐ 4ஆல் வகுத்தால், 2 கிராம் கிடைக்கும். மாணவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். திட்டவிலக்கத்தையும் திட்டப்பிழையையும் குழப்பிக்கொண்டவர்களுக்கு அடுத்து வரும் எதுவும் விளங்காது என்பதால், நான் இங்கே எவ்வளவு நேரம் செலவிடவும் தயங்குவதில்லை.

நாம் சோதிக்க எடுத்துக்கொள்ளும் கூற்று, அதாவது இன்மைக் கருதுகோள், எல்லாப் பொட்டலங்களின் உண்மைச் சராசரி 500 என்கிறது. கிடைத்த சராசரி அதிலிருந்து 4 கிராம், அதாவது 2 திட்டப்பிழைகள், தள்ளி நிற்கிறது. மணி வடிவ இயல்நிலைப் பரவலின் 1.96 என்ற எல்லையைக் கொண்டு பார்த்தால், 5% மிகைகாண் நிலையில் (உண்மையான கருதுகோளைத் தவறாக நிராகரிக்கும் வாய்ப்பை 5% ஆக வைத்துக்கொண்டால்) கருதுகோளை நிராகரித்துவிடுவோம். ஆனால் 8 என்ற திட்டவிலக்கமும் அதே 16 பொட்டலங்களிலிருந்து மதிப்பிடப்பட்டதுதான். அதிலும் பிழை இருக்கும். அந்தக் கூடுதல் ஐயத்தைக் கணக்கில் கொள்ளும் டி-பரவலில், 15 கட்டின்மைக் கூறுகளுக்கு (தம்மிச்சையாக மாறக்கூடிய விலக்கங்களின் எண்ணிக்கை) எல்லை 2.131. நமது 2 அதைத் தாண்டவில்லை; பி-மதிப்பு, அதாவது உண்மைச் சராசரி 500 என்றால் இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ விலகிய மாதிரி கிடைப்பதற்கான நிகழ்தகவு, ஏறத்தாழ 0.064. ஆகவே நிராகரிக்க இயலாது. (16 எண்களுக்கு ஏன் 15 என்று கேட்பவர்களுக்கு: சராசரியிலிருந்து எடுத்த விலக்கங்களின் கூடுதல் எப்போதும் பூச்சியம் என்பதால், 15 விலக்கங்கள் தெரிந்துவிட்டால் பதினாறாவது தானே முடிவாகிவிடுகிறது.)

இதே எண்களால் இடைவெளியை அமைப்போம். 2.131ஐ 2ஆல் பெருக்கினால் 4.26. ஆகவே 95% நம்பிக்கை இடைவெளி 491.74 முதல் 500.26 வரை. 500 அதற்குள் அடங்குகிறது, ஆனால் விளிம்பை ஒட்டி அடங்குகிறது. இருபக்கச் சோதனையில் 5% நிலையில் நிராகரிக்கப்படாத எல்லாச் சராசரிகளையும் ஒன்றுதிரட்டினால் கிடைப்பதே இந்த இடைவெளி. 500ஐ மட்டும் சோதிப்பதற்குப் பதிலாக, 492ஐயும் 494ஐயும் 499ஐயும் ஒரே மூச்சில் சோதித்து முடித்துவிட்டோம். அவை யாவும் இந்தத் தரவோடு பொருந்துபவை. 'நிராகரிக்க இயலவில்லை' என்பதை '500 என்று நிறுவப்பட்டது' எனப் படிக்கும் தவறு இந்த எண்களைப் பார்த்தவுடனேயே விலகிவிடுகிறது. 494ஐயும் அதே தரவு நிராகரிக்காதபோது, 500க்கு மட்டும் எப்படிச் சான்றிதழ் தர முடியும்?

டி-பரவலின் வரலாற்றை வகுப்பில் நான் தவறாமல் சொல்வேன். வில்லியம் சீலி காசெட் டப்ளினில் இருந்த கின்னஸ் மதுவடிப்பு நிறுவனத்தில் பணியாற்றியவர். சிறிய மாதிரிகளைக் கொண்டே முடிவெடுக்க வேண்டியிருந்ததால், இந்தச் சிக்கல் அவருக்கு அன்றாடத் தேவையாக இருந்தது. 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் தமது கட்டுரையை அவர் வெளியிட்டார். அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அவர் செய்து பார்த்த சரிபார்ப்பு. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் கொண்ட அளவீடுகளை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகளை உருவாக்கி, தாம் வருவித்த பரவலோடு அவர் ஒப்பிட்டார். கணினி இல்லாத காலத்தில் கையால் செய்த உருவகப்படுத்தல் அது.

நானும் கணினியில் அதையே செய்யச் சொல்கிறேன். உண்மைச் சராசரியை நாமே 500 என்று வைத்துக்கொண்டு, இயல்நிலைப் பரவலிலிருந்து நான்கு நான்கு எண்களாக ஆயிரம் மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடைவெளி அமைக்க வேண்டும். 1.96ஐப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 855 இடைவெளிகளே 500ஐ உள்ளடக்கும், 3 கட்டின்மைக் கூறுகளுக்கான டி-பரவலின் 3.182ஐப் பயன்படுத்தினால் அந்த எண்ணிக்கை 950ஐ ஒட்டி வரும். இதைத் தம் கண்ணால் கண்டவர்களுக்கு 95% என்பது எதைக் குறிக்கிறது என்று தனியே விளக்க வேண்டியதில்லை. சராசரி அசையாமல் ஓரிடத்தில் நிற்கிறது. இடைவெளிகள்தாம் மாதிரிக்கு மாதிரி இடம் மாறுகின்றன. 95% என்பது அந்த முறையின் பண்பு. 491.74 முதல் 500.26 வரை என்று எழுதி முடித்த ஓர் இடைவெளியைச் சுட்டிக்காட்டி, உண்மைச் சராசரி இதற்குள் இருப்பதற்கான நிகழ்தகவு 0.95 என்று சொல்ல, 1930களில் இந்தக் கோட்பாட்டை வகுத்த நெய்மானின் கட்டமைப்பு இடம் தருவதில்லை.

தமிழில் கற்பிக்கும்போது பெயரே ஒரு தடையாக வந்து நிற்கிறது. 'நம்பிக்கை' என்ற சொல்லைக் கேட்டவுடன், இந்த விடையை எவ்வளவு நம்புகிறோம் என்ற பொருளே மனத்தில் எழுகிறது. 'இடைவெளி' என்பதோ நம் பேச்சில் இரண்டுக்கு நடுவே ஒன்றுமில்லாத வெற்றிடம். இங்கே அது தரவோடு பொருந்தும் மதிப்புகள் நிறைந்த நெடுக்கம். வழக்கூன்றிவிட்ட கலைச்சொல்லை மாற்றும்படி நான் கேட்கவில்லை. பாடத்தைத் தொடங்கும் நாளிலேயே இந்த இரண்டு பொருள்மயக்கங்களையும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும் என்றே கேட்கிறேன்.

மாதிரியைப் பெரிதாக்கினால் நிகழ்வதையும் இடைவெளியே தெளிவாகக் காட்டும். 6400 பொட்டலங்களை நிறுத்து, சராசரி 499.7 கிராமாகவும் திட்டவிலக்கம் அதே 8 கிராமாகவும் இருந்தால், திட்டப்பிழை 0.1 மட்டுமே. கிடைத்த சராசரி 500இலிருந்து 3 திட்டப்பிழைகள் விலகியிருப்பதால் சோதனை ஐயமின்றி நிராகரிக்கும். இடைவெளி 499.5 முதல் 499.9 வரை. வேறுபாடு இருப்பது உறுதி. அது அதிகம் போனால் அரை கிராம் என்பதும் உறுதி. அந்த அரை கிராம் ஒரு பொருட்டா என்பதைப் பொட்டலத்தில் இருக்கும் பொருளை அறிந்தவர்தான் தீர்மானிக்க முடியும். பி-மதிப்பை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளும் அறிக்கையில் இந்தக் கேள்வியை எழுப்பவே வழியில்லை.

இடைவெளியை இவ்வளவு புகழ்ந்துவிட்டு, அதைத் தவறாகக் கையாளும் வழக்கத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது, அவற்றின் இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் வேறுபாடு இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். குழுவுக்கு 64 அளவீடுகள், சராசரிகள் 496, 502, திட்டப்பிழை ஒவ்வொன்றுக்கும் 2 என்று கொள்வோம். முதல் இடைவெளி 492 முதல் 500 வரை. இரண்டாவது 498 முதல் 506 வரை. இரண்டும் படிகின்றன. ஆனால் வேறுபாட்டின் திட்டப்பிழை 4 அன்று. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2.83தான். ஆகவே 6 என்ற வேறுபாட்டுக்கான 95% இடைவெளி 0.4 முதல் 11.6 வரை அமைகிறது. பூச்சியம் அதற்கு வெளியே நிற்கிறது. கேள்வி வேறுபாட்டைப் பற்றியது என்றால், இடைவெளியையும் வேறுபாட்டுக்கே அமைக்க வேண்டும்.