எண்ணெய் வைக்காமல் வரவும்

மூளை அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. எடுக்க வருகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் சீட்டில் முதல் வரியே, ‘முந்தைய நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரவும்’ என்பதுதான். பத்துப் பேரில் நாலு பேராவது வழிய வழியத் தடவிக்கொண்டு வந்து நிற்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரட்டைத் தலையோடு போவதா என்று அம்மாக்களுக்குக் கவலை. எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது, ஒயர் நழுவும், திரையில் கோடு கன்னாபின்னாவென்று ஓடும். திருப்பி அனுப்பலாம்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து விடியற்கால ரயிலைப் பிடித்து வந்தவரை எந்த வாயால் ‘நாளைக்கு வாங்க’ என்பது? அதனால் என் மேஜை டிராயரில் எப்போதும் ஷாம்பு பாக்கெட் ஒரு சரம் கிடக்கும்.

வடசென்னையில் இந்த அறைக்கு நான் வந்து 17 வருடம் ஆகிறது. மூக்கின் மேட்டிலிருந்து பிடரி எலும்பு வரை டேப் வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, 21 ஒயர்களையும் ஒட்டி முடிக்க அரை மணி பிடிக்கும். ‘ஷாக் வைப்பீங்களா?’ என்று கேட்காதவர்கள் குறைவு. இது உள்ளே எதையும் அனுப்பாது, மூளையில் ஓடும் மின்சாரத்தைப் படம் பிடிக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே ஒட்டுவேன். ஓ.பி.யில் டாக்டருக்கு ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. எனக்கு அரை மணி. முடிவெட்டும் கடையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் பேச்சு வருகிறதே, அது மாதிரி இங்கேயும் வந்துவிடும்.

‘மாத்திரையை நிறுத்தி மூணு மாசம் ஆகுது மேடம்’ என்பார் மனைவி. சற்றுமுன் டாக்டரிடம் ‘தவறாம போடுறார்’ என்று சொன்னவர் அவரேதான். கணவருக்குக் கோயம்பேட்டில் மூட்டை தூக்கும் வேலை. மாத்திரை போட்டால் அசத்துகிறது, வலிப்புதான் நின்றுவிட்டதே, இனி எதற்கு? மாதாமாதம் வந்து வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். பீனோபார்பிட்டோன் 1912-லிருந்து வலிப்புக்குக் கொடுக்கப்படுகிறது. இன்றும் அதைவிட மலிவான வலிப்பு மாத்திரை கிடையாது. உலகில் வலிப்பு நோய் உள்ளவர்கள் சுமார் 5 கோடிப் பேர், அவர்களில் 80 சதவீதம் பேர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில், ஒழுங்காக மருந்து கிடைத்தால் 70 சதவீதம் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கேட்டால், மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று தோன்றும். அந்த மனைவி சொல்வதையும் கேட்க வேண்டும்.

சிலது ஒயரிலேயே தெரிந்துவிடும். எட்டு வயதுப் பையன் ஒருவன், வகுப்பில் பராக்குப் பார்க்கிறான் என்று பள்ளிக்கூடத்தில் தினமும் புகார். கையில் காகிதக் காத்தாடியைக் கொடுத்து மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொன்னேன். இரண்டாவது நிமிடம் காத்தாடி நின்றது. கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. திரையில் நொடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர்முனை அலைகள். இதுவும் ஒரு வகை வலிப்புதான். ‘யானை’ என்றேன். பத்து நொடி கழித்து எதுவுமே நடக்காதது போல மறுபடி ஊத ஆரம்பித்தான். நான் என்ன சொன்னேன் என்று கேட்டதற்கு, ‘நீங்க ஒண்ணும் சொல்லலையே’ என்றான். ஆட்டோ ஓட்டும் அப்பா பக்கத்தில்தான் இருந்தார். அன்று காலையில்கூட முதுகில் ஒன்று வைத்ததாக அவராகவே சொன்னார்.

எல்லாருக்கும் இப்படிப் பளிச்சென்று தெரியாது. நோய் இருப்பவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி. சுத்தமாக இருக்கும். வலிப்பு வரும்போது பக்கத்தில் இருந்தவர் என்ன பார்த்தார் என்பதுதான் டாக்டருக்கு முக்கியம். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் காகிதம்தான் தீர்ப்பு. ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தை பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். ‘நார்மல்னு வந்துடும்ல?’ 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயும் ஒரு தடையாக இருந்தது, 1999-இல் எடுத்துவிட்டார்கள், மறைக்க வேண்டாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ‘சட்டமா பொண்ணு பார்க்க வரப்போகுது?’ என்றார். ரிப்போர்ட் நார்மல் என்றே வந்தது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அடுத்த வருடம் அந்தப் பெண் ஐந்து மாதக் கர்ப்பிணியாக வந்தாள். கணவர் வெளியே பெஞ்சில். ஆறாவது ஒயரை ஒட்டும்போது ஆரம்பித்தாள். சத்து மாத்திரை டப்பாவில் வலிப்பு மாத்திரையைப் போட்டு வைத்திருந்தாள். வால்ப்ரோயேட். குழந்தைக்கு ஆகாது என்று யூடியூபில் பார்த்து, யாரிடமும் கேட்காமல் நிறுத்திவிட்டாள். பயம் நியாயமானதுதான், வயிற்றுக் குழந்தைக்கு அது கெடுதல் செய்யக்கூடும். கர்ப்பத்துக்கு முன்பே டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றியிருப்பார், அவரிடம் கேட்டிருந்தால். திடீரென்று நிறுத்தியதில் பாத்ரூமில் இரண்டு முறை விழுந்திருக்கிறாள். ‘கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லிட்டேன்க்கா. டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, இவரும் கூட உள்ள வருவாரு.’

சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் அவள் குடும்பம் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாது. ஒயர்களைக் கழற்றிவிட்டு வெளியே போய், தலையில் பசையாக இருக்கிறது, ஷாம்பு தீர்ந்துவிட்டது, கடையில் வாங்கி வாருங்கள் என்று அவள் கணவரிடம் சொன்னேன். டிராயரில் ஒரு சரம் அப்படியே கிடந்தது. அவளைக் கையைப் பிடித்து டாக்டர் அறைக்குள் விட்டு, கதவைச் சாத்தினேன்.

அவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் இரண்டு பாக்கெட்.

‘ரெண்டு போதுமா மேடம்?’