அடுப்படிப் புகைக்கூண்டை இறக்கிய நாட்குறிப்பு: வேலூர், கொசப்பேட்டை

பிப்ரவரி 3, 2025, திங்கள்

வீடு பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மூலைவாட்டில் குத்தாக அடுக்கிய சின்ன ஒட்டுக்கல் (மெல்லிய சிறு செங்கல்), அதற்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு. விறகு அடுப்பு போய் கேஸ் வந்து பல வருடம் ஆகிவிட்டது. ஐப்பசி மழை பிடித்தால் புகைக்கூண்டின் அடியில் ஒழுகுகிறது, ஆண்டுதோறும் சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை.

அளவு: வெளிப்பக்கம் 2½ அடிக்கு 2½ அடி, சுவர் 4½ அங்குலம், மாடிக்கு மேல் உயரம் 5 அடி. 16 கன அடிக் கட்டு. கன அடிக்கு 54 கிலோ வைத்தால் கிட்டத்தட்ட 860 கிலோ. தூக்குக்குண்டு விட்டதில் 5 அடியில் 1½ அங்குலம் தெருப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மூட்டுச் சுண்ணாம்பை ஆணியால் கீறினால் மாவாகக் கொட்டுகிறது.

கூண்டு நேராக நின்று, கலவையும் கெட்டியாக இருந்து, ஒழுகல் வாய் வழியாக மட்டும் வந்தால் இடிக்கத் தேவையில்லை. வாயின் மேல் கடப்பாக்கல் போட்டு, பக்கத்தில் காற்றுக்கு இடைவெளி விட்டால் போதும். இங்கே சாய்வும் இருக்கிறது, அடியில் கட்டையும் ஈரம் குடித்திருக்கிறது. இறக்கத்தான் வேண்டும்.

வீட்டு அம்மா கேட்டார்: "தம்பி, மேல இருக்கறத மட்டும் எடுத்துட்டு ஓட்டைய அடைச்சா போதாதா?" அடுப்புக்கு மேல் புகையைக் கூண்டுக்குள் ஏற்றும் செங்கல் குடை ஒரே ஒரு மரச்சட்டத்தின் மேல் நிற்கிறது. அந்தச் சட்டம் புகையில் காய்ந்து வெடித்திருக்கிறது. குடையை விட்டுவைத்தால் நாளைக்கு அடுப்பின் மேலேயே விழும். காட்டிய பிறகு அம்மா ஒப்புக்கொண்டார்.

பொதுச்சுவரைப் பார்த்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கட்டை எதுவும் கூண்டின் மேல் உட்காரவில்லை. இந்தத் தெருவைப் போல ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் இதைப் பார்க்காமல் கடப்பாரையைத் தொடக்கூடாது.

பிப்ரவரி 4, செவ்வாய்

கூண்டில் கேபிள் டிவி ஒயரும் மின் சர்வீஸ் ஒயரைத் தாங்கும் கம்பியும் கட்டியிருந்தன. சர்வீஸ் ஒயரை மின்வாரிய ஆள் வந்து மாற்றிக் கட்டும் வரை மேலே யாரையும் ஏற்றவில்லை.

பிறகு கரி. கீழே அடுப்பு மேடையைத் தார்ப்பாயால் மூடி, குடை வாயில் ஈரச் சாக்கு கட்டி, மேலிருந்து கயிற்றில் தென்னை ஓலைக் கட்டை இறக்கித் தேய்த்தோம். மூன்று சாக்குக் கரி வந்தது. கரியை நனைக்காமல் இடிக்க ஆரம்பித்தால் வீடு முழுக்கக் கறுப்பாகும், மூச்சிலும் ஏறும். தண்ணீரைத் தெளிக்கத்தான் வேண்டும், ஊற்றக்கூடாது. ஊற்றினால் கரியின் உப்பு சுவருக்குள் இறங்கிவிடும்.

சுட்ட சுண்ணாம்புக்கல்லை இன்றே தாளித்து, அதாவது தண்ணீர் விட்டு நீற்றி, டிரம்மில் ஊறப்போட்டோம். கூரை அடைக்கும் நாளுக்கு குறைந்தது ஒரு வாரம் ஊறியிருக்க வேண்டும். வேகாத கட்டி ஒன்று கலவையில் போனால் பின்னால் பொரிந்து, வைத்த இடத்தைத் தூக்கிவிடும்.

பிப்ரவரி 5, புதன்

மேல்பகுதி இறங்கியது. கொத்தனார் ஒருவர், பெரியாள் இருவர், சித்தாள் ஒருவர். நாலு பக்கமும் சவுக்குச் சாரம், தெருப்பக்கம் கூடுதலாகப் பலகை.

மேல் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு கல்லாக உளி வைத்து மெல்லத் தட்டி எடுத்துப் பாண்டில் வைத்து இறக்க வேண்டும். மொத்தமாகத் தள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 860 கிலோ ஒரே இடத்தில் விழுந்தால் மெட்ராஸ் டெரஸ் தாங்காது, ஒட்டுக்கல் கீழே கொட்டும். எடுத்த கல்லையும் மாடி நடுவில் குவிக்கக்கூடாது, சுவர் ஓரமாகப் பரப்ப வேண்டும்.

215 கல் அளவுக்கு வந்தது. சுண்ணாம்புக் கட்டு என்பதால் பாதிக்கு மேல் உடையாமல் கிடைத்தது. ஆனால் எல்லாக் கல்லிலும் ஒரு பக்கம் கரி ஏறியிருக்கிறது. இதைப் பூச்சுச் சுவரில் வைத்தால் பழுப்புக் கறை வெளியே வரும், ஜல்லியாக உடைத்துப் போட்டாலும் அப்படித்தான். தோட்டத்தில் பாத்தி ஓரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம்.

சில வீடுகளில் செங்கலுக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் இருக்கும். அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. நனைத்து, முழுதாகக் கழற்றி, பாலித்தீனில் சுற்றி இறக்க வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

குடை. முதலில் மரச்சட்டத்தின் அடியில் இரண்டு முட்டு, அதன் பிறகுதான் உளி. குடையும் மேலிருந்தே வர வேண்டும். சாய்வாகக் கட்டியிருப்பதால் கீழ்வரிசையில் ஒரு கல் எடுத்தாலும் மேலே உள்ளது மொத்தமாகச் சரியும். மதியத்துக்குள் முடிந்தது.

பிறகுதான் ஒழுகலின் வேர் தெரிந்தது. கூண்டை ஒட்டியிருந்த தேக்குக் கட்டையின் சுவருக்குள் போகும் முனை, 8 அங்குல நீளத்துக்கு, விரலால் அழுத்தினால் தூள். மேலே பூசிய சிமெண்ட் விளிம்பில் தலைமுடி அளவு பிளவு. தண்ணீர் அதில் இறங்கி, வெளியே வர வழியில்லாமல், நேராகக் கட்டைமுனையில் நின்றிருக்கிறது. வருடா வருடம் பூசிய சிமெண்டே அந்தத் தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கிறது.

ஓட்டை மேல் பலகை, அதன் மேல் தார்ப்பாய், சுற்றிலும் கல். 2½ அடி ஓட்டையில் ஆளே இறங்கலாம். இரவில் திறந்து விடக்கூடாது.

பிப்ரவரி 7, வெள்ளி

கான்கிரீட்டா, பழைய முறையா என்று பேச்சு. கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டால் சீக்கிரம் முடியும் என்பது கொத்தனார் கருத்து. ஆனால் கான்கிரீட் துண்டு ஒரு விதமாக அசையும், கட்டையும் சுண்ணாம்பும் வேறு விதமாக அசையும். வேலூர் வெயிலில் மாடி பகலில் கொதித்து இரவில் ஆறுகிறது. அந்தச் சதுரத்தைச் சுற்றி நாலு பக்கமும் பிளவு விழும், மறுபடி அதே ஒழுகல். கூரை முழுவதையும் மாற்றுவதானால் கான்கிரீட் சரி. நடுவில் ஒரு ஓட்டையை அடைக்கக் கட்டையும் சுண்ணாம்பும்தான்.

கெட்ட கட்டைக்கு முட்டுக் கொடுத்து, இற்றுப்போன முனையை வெட்டி, 5 அடிப் பழைய தேக்கைப் பக்கவாட்டில் சேர்த்து 12 மில்லி போல்ட் நான்கு. ஓட்டையின் குறுக்கே 4 அங்குலத்துக்கு 3 அங்குலத்தில், 4 அடி நீளத்தில் இரண்டு கட்டை. எல்லா முனைக்கும் கரையான் மருந்து. சுவர்ப் பொந்தில் கட்டையைச் சுற்றி விரல் அளவு காற்றிடம் விட்டோம். கலவையை அடைத்துக் கட்டினால் முனை மறுபடி இற்றுப்போகும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். ஆள் இல்லை. டிரம்மில் சுண்ணாம்பைக் கிளறிவிட்டது மட்டும்.

பிப்ரவரி 12 முதல் 14 வரை

ஒட்டுக்கல் 120. ஓட்டைக்கு 100 போதும், மூலை வெட்டுக்குச் சேதாரம் உண்டு. புதிதாகக் கிடைப்பது அரிது, இடித்த பழைய வீட்டுக் கல்லாகக் கரியில்லாமல் பொறுக்கியது. கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, மூலையில் தொடங்கி, மூலைவாட்டில் குத்தாக ஒட்டிக்கொண்டே வர வேண்டும். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சி உடனே விழும். இந்த வேலை தெரிந்த ஆட்கள் இன்று குறைவு, கூலி கூடத்தான். அவர்கள் கை ஓடுவதைப் பார்த்தால் கொடுப்பது வீணில்லை என்று புரியும்.

அடுத்து ஜல்லி. பழைய தட்டோட்டை, சுவர்ப்பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் ஓட்டையைத் தாண்டி ஒரு அடி உரித்தோம், 4½ அடிக்கு 3½ அடி. அதில் 4 அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, 5 கன அடிக்குச் சற்று மேல். மரக்கட்டையால் விடாமல் தட்ட வேண்டும். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளிக்க வேண்டும். கட்டை பட்டால் 'பொத்' என்ற சத்தம் போய் 'டங்' என்று எகிற வேண்டும், அதுவரை நிறுத்தக்கூடாது. பழைய ஜல்லியின் விளிம்பைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டினோம், அப்போதுதான் பழையதும் புதியதும் கவ்வும். வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலம்.

பத்து நாள் ஈரச் சாக்கு. மாசி வெயில் இப்போதே சுடுகிறது, காலையும் மாலையும் நனைக்க ஆள் வேண்டும்.

பிப்ரவரி 26, புதன்

தட்டோடு 30, சந்துக்குக் கலவை. சுவரைச் சேரும் மூலையில் வளைவாகப் பூச்சு, நேர் மூலை விட்டால் அங்கேதான் பிளவு.

மார்ச் 3, திங்கள்

மண் பாத்தி கட்டி 2 அங்குலத் தண்ணீர் 48 மணி நேரம் நிறுத்தினோம். அடியில் ஈரம் இல்லை. கட்டைமுனைப் பக்கம் காய்ந்த செய்தித்தாள் செருகிப் பார்த்ததிலும் அது காய்ந்தே வந்தது.

மார்ச் 5, புதன்

உள்சுவர். கரி படிந்த பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து, மூட்டுகளை அரை அங்குலம் தோண்டி, கம்பி பிரஷ்ஷால் காய்ந்த நிலையிலேயே தேய்த்தோம். மேலே சுண்ணாம்புப் பூச்சு. சிமெண்டைப் போட்டால் கரி உப்பு ஈரத்தை இழுத்து, சீக்கிரமே பழுப்புத் திட்டாக வெளியே வரும்.

கூண்டு போனபின் புகையும் ஆவியும் போக வழி வேண்டும். அடுப்புக்கு எதிர்ச் சுவரில் 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். சிலிண்டர் கேஸ், காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியை மூட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னோம்.

மார்ச் 8, சனி

கணக்கு. சாரம், கரி, இடிப்புக்கு மூன்று நாள் கூலி 10,200 ரூபாய். சாரம், முட்டு வாடகை 1,500. ரப்பீஸ் (இடிபாடு) மூன்று நடை, சந்துக்குள் கைவண்டியில் ஏற்றி முனையில் டாடா ஏஸில் மாற்றிய கூலியோடு 3,300. ஆக இறக்கியதற்கு 15,000.

மூடியதற்கு: தேக்கும் தச்சர் கூலியும் போல்ட்டும் 5,000, ஒட்டுக்கல் 1,440, சுண்ணாம்பு, ஜல்லி, கடுக்காய், வெல்லம் 2,800, அந்த வேலைக்கு மூன்று நாள் கூலி 6,450, தட்டோடு வகை 1,200, உள்பூச்சு 4,300, ஃபேன் 2,600. சேர்த்து 23,790. மொத்தம் 38,790.

இடிப்புக்கு மட்டும் விலை பேசி வேலை கொடுத்துவிட்டு, பிறகு மூடக் காசில்லாமல் தகரம் போட்டு வைத்த வீடுகள் இந்த ஊரில் இருக்கின்றன. விலை கேட்கும்போது இரண்டையும் சேர்த்தே கேளுங்கள், கட்டைமுனை கெட்டிருந்தால் என்ன கூடும் என்பதையும் சேர்த்து.

மார்ச் 12, புதன்

சுவரில் இடது மூட்டோரம் ஒரு ரூபாய்க் காசு அளவு பழுப்பு தெரிகிறது. அந்த இடத்தை மட்டும் கொத்தி, மறுபடி தேய்த்துப் பூசினோம். பெயிண்ட்டை இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறோம். அப்போதும் தெரிந்தால் அந்தத் திட்டுக்கு மட்டும் ஆயில் பிரைமர். புரட்டாசியில், மழை பிடிப்பதற்கு முன், மாடியில் இன்னொரு முறை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும்.