யார் தூக்கி வந்தது?

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் சரியான பதில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே போனால் நான் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி தோன்றக்கூடும். நூலகரிடம் வந்து ஒருவர் “இது நெசமா?” என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்லவேண்டும். சொன்னேன். சொன்ன பிறகும் அது என்னை விடமாட்டேன் என்கிறது.

நாவலின் பெயர் வேண்டாம். வேலூர்க் கோட்டைதான் களம், விஜயநகர அரசர் வேங்கடபதி ராயர் இறந்த 1614-தான் காலம். எங்கள் கிளை நூலகத்தில் இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டும் அலமாரியில் தங்கியதே இல்லை. ராயருக்குப் பிள்ளை இல்லை. ஜக்கராயன் என்ற செல்வாக்குள்ள பிரபுவின் வீட்டுப் பெண்ணான அரசி ஒருத்தி, ஒரு பிராமணப் பெண்ணின் குழந்தையைக் கொண்டுவந்து தன் வயிற்றில் பிறந்ததாகக் காட்டினாள். ராயருக்கு விஷயம் தெரியும், தெரியாதவர் மாதிரி இருந்தார். இதுவரை சரித்திரம். அந்தக் குழந்தையை இரவோடு இரவாக அந்தப்புரத்துக்குள் தூக்கி வருகிற சேடிதான் நாவலின் நாயகி. அவள் எழுத்தாளரின் கற்பனை. கடைசியில் அரண்மனையில் ரத்தம் ஓடும்போது அவள் கோட்டை வாசலைத் தாண்டிப் போகிறாள். கதை அவளை அங்கேயே விட்டுவிடுகிறது.

அந்த அம்மா பீடி சுற்றுகிறவர். பேத்தியின் அட்டையில் புத்தகம் போகும். பேத்தி வாசிக்க, இவர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அன்று அவரே வந்திருந்தார்.

“இன்னா டீச்சர், அந்தப் பொண்ணு கடேசில இன்னா ஆனா? கோட்டைக்குப் போனா அவ இருந்த எடத்தக் காட்டுவாங்களா? லீவுல பேத்திய இட்டுனு போலாம்னு கீறேன்.”

“அந்தப் பொண்ணு நெசம் இல்லம்மா. எழுதினவர் கதைக்காகச் சேர்த்துக்கிட்டது.”

“ராணி?”

“ராணி நெசம்.”

“கொழந்த?”

“அதுவும் நெசம்னுதான் எழுதி வச்சிருக்காங்க.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “அப்போ வேற யாரு தூக்கியாந்து குடுத்தா? ராணியா எழுந்து போயி தூக்கினு வந்திருப்பா?”

தெரியாது என்றேன். அவர் பேத்திக்குப் பாடப் புத்தகம் ஏதோ கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, கோபம் இல்லை.

ராஜா கதைகளை ஜனங்கள் ஏன் இப்படி விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்பதைப் பற்றி எனக்கென்று ஓர் எண்ணம் இருந்தது, இன்னமும் இருக்கிறது. வருஷாவருஷம் இருப்புச் சரிபார்க்கும்போதும், கிழிந்த புத்தகங்களை பைண்டிங்குக்குப் பிரிக்கும்போதும் எந்தப் பக்கம் அழுக்காகியிருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். படித்தவர் வாயால் சொல்லாததைப் பக்கம் சொல்லிவிடும். போர்க்கள அத்தியாயங்கள் அநேகமாகப் புதுசாகவே இருக்கும். யானைப்படை எத்தனை, குதிரைப்படை எத்தனை என்று அடுக்கியிருக்கிற பக்கங்களை விரல் வேகமாகத் தாண்டிப் போயிருப்பது தெரியும். எண்ணெய்க் கறையும் மடிந்த மூலையும் இருப்பதெல்லாம் வேறு இடங்களில். சபையில் யார் உட்காரலாம், யார் நிற்கவேண்டும், சொல்லி அனுப்பாமல் உள்ளே நுழையக்கூடியவர் யார், ராஜாவுக்குக் காய்ச்சல் என்பது முதலில் யாருக்குத் தெரிந்தது, அதை அவர் யாரிடம் சொன்னார். மருமகளாக ஒரு வீட்டுக்குள் போனவர்களுக்கும், முதலாளி கண்ணசைவைப் பார்த்துப் பிழைக்கிறவர்களுக்கும் இது புரிய விளக்கவுரை வேண்டாம். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிற வாசகர் ஒருவர், “மேடம், ஜக்கராயன் எங்க ஆபீஸ்லயும் ஒருத்தன் இருக்கான்” என்றார். பெயரும் சொன்னார், இங்கே எழுதமுடியாது.

முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்பார்கள். எங்கள் நூலகத்தில் அது பொய்யாகிப் பல காலம் ஆயிற்று. தடித்த நாவல்கள் நடுவில் விட்டுப்போகும். பைண்டர் அதை இரண்டாக்கிக் கட்டித் தருவார். முதல் பாதி வெளியே போயிருந்தால் இரண்டாம் பாதியை எடுத்துப் போய்ப் படித்துவிட்டு, அப்புறம் முதல் பாதிக்குக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ராஜா சாகப்போகிறான் என்று தெரிந்துகொண்டு அவன் விருந்து சாப்பிடுவதைப் படிக்கும்போது விருந்தே வேறுமாதிரி ஆகிவிடுகிறது. உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த இடைவெளிதான் பக்கத்தைத் திருப்பவைக்கிறது.

நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். அந்த அம்மாவின் கேள்வி இதற்குள் அடங்கவில்லை. அவருக்குச் சபை நடைமுறையிலோ, யாருக்கு யார் துரோகி என்பதிலோ அக்கறை இல்லை. பச்சைக் குழந்தை ஒன்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வந்திருக்கிறது. யாரோ இரண்டு கைகள் அதைத் தூக்கியிருக்கின்றன. அது யார் என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டும்.

இதற்கு ஆதாரம் தேடிப் போனேன் என்று சொன்னால் பெரிய வார்த்தை. எங்கள் வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ராபர்ட் சீவல் 1900-ல் வெளியிட்ட விஜயநகர வரலாற்றிலிருந்து சில பக்கங்களை நகலெடுத்து வந்து கொடுத்தார். பரதாஸ் என்ற போர்ச்சுகீசிய ஏசு சபைப் பாதிரியார் 1616 டிசம்பரில் கொச்சியிலிருந்து எழுதியது அதில் இருக்கிறது. நாவலாசிரியர்கள் எல்லாரும் தண்ணீர் மொள்ளுகிற கிணறு அது.

படித்தபோது ஒரு விஷயம் தூக்கிவாரிப் போட்டது. நாவலில் வாசகர்கள் நம்பாத இடங்கள்தான் கடிதத்தில் அப்படியே இருக்கின்றன. சாகக்கிடக்கிற ராயர் அண்ணன் மகன் சிக்கராயனைக் கூப்பிட்டு மோதிரத்தை நீட்டுகிறார், அவன் வேண்டாம் என்று மறுக்கிறான். பிறகு சிக்கராயன் ஸ்ரீரங்கன் என்ற பெயரில் அரசனாகிக் குடும்பத்தோடு, அந்தக் குழந்தையை அரசனாக்கிய ஜக்கராயனின் சிறையில் கிடக்கும்போது, அவன் மகன்களில் ஒருவனை, அவன் பக்கம் நின்ற யாசம நாயுடு என்ற தலைவர் வெளியே கொண்டுவரச் செய்கிறார். கொண்டுவந்தவர் ஒரு வண்ணார், துணி மூட்டைக்குள் வைத்து. அந்தப் பையன்தான் பின்னால் ராமதேவ ராயர். 1616-ல் கல்லணைப் பக்கம் தோப்பூரில் நடந்த போரில் தஞ்சை ரகுநாத நாயக்கர் அவன் பக்கம் நின்றார், ஜக்கராயன் செத்தான். ஒரு சாம்ராஜ்யத்தின் வாரிசுரிமை கொஞ்ச நேரம் அழுக்குத் துணி மூட்டைக்குள் இருந்திருக்கிறது. கல்லூரிப் பையன் ஒருவன் இந்த இடத்தைச் சொல்லி, “டீச்சர், செம சினிமா” என்று சிரித்தான். அது நெசம்டா என்றேன், நம்பவில்லை. சேடியை மட்டும் அவன் சந்தேகிக்கவே இல்லை.

சரித்திர ஆசிரியருக்கு இது பொறுக்கவில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் சீட்டு ஒட்டவேண்டும் என்றார். இவர்கள் வரலாற்றில் உள்ளவர்கள், இவர்கள் கற்பனை என்று இரண்டு வரிசையாக. “பசங்க இதையே ஹிஸ்டரின்னு நெனச்சுக்குதுங்கம்மா. நாளைக்கு பரீட்சைல எழுதுவானுங்க.” நியாயம்தானே என்று பட்டது. இப்போதும் நியாயம்தான். சீட்டை நானே எழுதினேன், ஒரு பிரதியில் ஒட்டினேன். இரண்டாவது பிரதி அப்போது வெளியே போயிருந்தது.

எழுதும்போதே கை நின்றது. வரலாற்று வரிசையில் வேங்கடபதி, ஸ்ரீரங்கன், ஜக்கராயன், யாசம நாயுடு, ரகுநாத நாயக்கர். அடுத்து வண்ணார். மற்றவர்களுக்கெல்லாம் பெயர் இருக்க, உயிரைப் பணயம் வைத்தவருக்குத் தொழில்தான் இருக்கிறது. ‘ஒரு வண்ணார்’ என்றே எழுதினேன். கற்பனை வரிசையில் சேடி. அந்த வரிசையில் அவள் மட்டும்தான், அவளுக்கு மட்டும் அழகான பெயர், எழுத்தாளர் வைத்தது. இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த அம்மாவின் கேள்வி எனக்கு முழுசாக எட்டியது என்று நினைக்கிறேன். இந்தப் பெயருள்ள சேடி இல்லாமல் இருக்கலாம். சேடியே இல்லாமல் இருந்திருக்க முடியாது. அரசி எழுந்து போய்த் தூக்கி வந்திருக்க மாட்டாள். பெற்றவள் தானே கொண்டுவந்து கொடுத்தாள் என்று வைத்துக்கொண்டாலும் கதவைத் திறந்துவிட்டது யார், மறுநாள் பால் கொடுத்தது யார்? கற்பனை என்று நான் எழுதியது, நடந்தே தீர்ந்திருக்கவேண்டிய ஒன்றைத்தான்.

இது சப்பைக்கட்டு என்று ஆசிரியர் சொல்வார், சொல்லவும் சொன்னார். “யாரோ இருந்திருப்பாங்கன்றது வேற, இவதான் இருந்தான்றது வேற.” மறுக்கமுடியவில்லை. ஆனால் அவர் வரிசையிலும் ஓட்டை இருக்கிறது. பரதாஸ் அந்த மரணப்படுக்கைக்குப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியவர் என்று எனக்குப் படவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கொச்சியில் உட்கார்ந்து எழுதுகிறார். மோதிரத்தை மறுத்த கதையை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும், அந்த யாரோவுக்கு இன்னொரு யாரோ. அரண்மனைக்குள் நடந்தது வெளியே வருவதே தண்ணீர் எடுத்தவள், விளக்கு வைத்தவள், துணி எடுத்துப் போனவர் வாய்வழியாகத்தான் இருக்கும். அப்படியானால் நான் நெசம் என்று ஒட்டியிருக்கிற வரிசையே கற்பனை வரிசையில் இருக்கிறவள் மாதிரியான வேலைக்காரர்கள் சொன்னதை நம்பி எழுதியதாக இருக்கலாம். (இதை ஆசிரியரிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கு நூலகத்தைப் பூட்டமுடியாது.)

எங்கள் வேலூரே அரசவைகள் முடிந்துபோக வந்து சேர்கிற ஊர். விஜயநகரத்தின் கடைசிக் காலம் இங்கே. திப்புவின் பிள்ளைகளைக் கோட்டைக்குள்தான் வைத்திருந்தார்கள், 1806 ஜூலை 10 கலகத்துக்கு அவர்களும் காரணம் என்று கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கண்டியின் கடைசி அரசர் விக்ரம ராஜசிங்கனைக் குடும்பத்தோடு கொண்டுவந்தார்கள். 1832-ல் இங்கேயே இறந்தார், பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் இருக்கிறது. சிறைப்பட்ட ராஜாவுக்கும் சமைக்கிறவர், துவைக்கிறவர், பிள்ளைக்குத் தலைவாருகிறவர் உண்டு. இந்தப் பக்கத்தில் யாருடைய கொள்ளுப்பாட்டி அந்த வேலை செய்தாள் என்று யாருக்கும் தெரியாது. சேடியைக் கேட்டதும் நம்பிவிடுகிறார்கள் என்றால் அதற்கு இதுவும் காரணமாக இருக்குமோ என்னவோ. அல்லது நான் ரொம்ப யோசிக்கிறேன். அவள் காதல் பகுதி நன்றாக இருக்கிறது, அதற்காகவே படிக்கலாம்.

நான் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் அந்த அம்மா கோட்டைக்குப் போய் யாரிடமாவது கேட்டிருப்பார். அருங்காட்சியக வாசலிலோ கோயில் கல்யாண மண்டபத்திலோ நின்று, குழந்தையைத் தூக்கி வந்தவள் எங்கே இருந்தாள் என்று கேட்டு, யாராவது சிரித்திருப்பார்கள், பேத்தி எதிரில். அதைத் தடுத்தேன் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். சிரிக்கட்டுமே, கேள்வி அங்கே போய்ச் சேர்ந்திருக்குமே என்று வேறு சில நாள்.

இரண்டாவது பிரதி திரும்பி வந்தது. ஆசிரியர் நினைவுபடுத்தினார், ஒட்டுகிறேன் என்றேன், ஒட்டவில்லை. பரீட்சை எழுதுகிற பையன்கள் கேட்டால் சீட்டு இருப்பதை எடுத்துக் கொடுக்கிறேன். மற்றவர்களுக்கு மற்றது. ஆளைப் பார்த்து உண்மையை அளந்து கொடுப்பது நூலகர் வேலையா என்று கேட்டால், இல்லை. ஆசிரியர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. போன வாரம் அவரே சீட்டு இல்லாத பிரதியை எடுத்துப் போயிருக்கிறார், மனைவி கேட்டாராம்.