‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டிய முதல் மழையிலேயே தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. எவ்வளவு ஆழத்துக்குக் கட்டியதாகப் பில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாமே என்றுதான் 2023இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், அவ்வளவுதான். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது சட்டத்தின் பிரிவு 6(2). அது தெரியாமல் தெருக்கதை முழுவதையும் ஒரு பக்கம் எழுதி, அப்புறம் கிழித்துப் போட்டேன். மதிப்பீட்டின் நகலும் எம்-புக் நகலும் வேண்டும் என்று இரண்டே வரி போதுமாக இருந்தது. (கட்டிய வேலையை அளந்து நீளம், அகலம், ஆழம் எழுதிவைக்கும் அளவுப் புத்தகம்தான் எம்-புக். அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும்.)

28ஆம் நாள் பதில் வந்தது: “கோரப்பட்ட ஆவணங்கள் அலுவலக உபயோகத்துக்கு மட்டுமே உரியவை என்பதால் வழங்க இயலாது.” கீழே கையெழுத்து, முத்திரை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பயந்துவிட்டேன். ஏதோ ராணுவக் கோப்பைக் கேட்டுவிட்டோமோ என்று.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் இருக்கிறார். கடிதத்தைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, இது ரப்பர் ஸ்டாம்ப் கடையில் செய்து வாங்கியது. சட்டத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேளுங்க.”

அன்று ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். மறுப்பதென்றால் பிரிவு 8, 9இல் சொன்ன காரணத்துக்காக மட்டுமே மறுக்க முடியும். 8(1)இல் பத்து விலக்குகள்: நாட்டின் பாதுகாப்பு, அமைச்சரவைத் தாள்கள், வணிக ரகசியம் என்று போகிறது. சாக்கடை ஆழம் எதிலும் இல்லை. 1923ஆம் வருட அலுவல் ரகசியச் சட்டத்தைக் காட்டினாலும் செல்லாது, பிரிவு 22 அதையும் மீறி நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது 19(5): மறுத்தது சரிதான் என்று நிரூபிக்க வேண்டியது அலுவலர், நாம் அல்ல. மறுத்தால் காரணத்தோடு, யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் எழுத வேண்டும் என்கிறது 7(8). எனக்கு வந்த கடிதத்தில் இதெல்லாம் எங்கே?

பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதற்குக் கட்டணம் கிடையாது. முக்கால் பக்கம்தான் எழுதினேன். கோபத்தையெல்லாம் எடுத்துவிட்டு, “எந்தப் பிரிவின்படி மறுக்கப்பட்டது?” என்பதை மட்டும் விட்டுவைத்தேன். 41ஆம் நாள் நேரில் வரச்சொன்னார்கள். மேல்முறையீட்டு அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். “இது எதுக்கு சார் உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டார். “6(2)” என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 14 பக்கம், 28 ரூபாய். ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண்ணைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். அது நியாயம்தான், மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்து மீதியைத் தரவே பிரிவு 10 இருக்கிறது.

எம்-புக்கில் ஆழம் 90 செ.மீ. ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து ஒரு மூடியைத் தூக்கி டேப் வைத்துப் பார்த்தோம். 62. இப்போது 2(j)யின்படி வேலையை நேரில் பார்வையிடவும் கான்கிரீட் மாதிரி எடுக்கவும் இரண்டாவது மனு போட்டிருக்கிறேன். இந்தத் தடவை ஸ்டாம்ப் வாங்கித் தந்தது எதிர்வீட்டுக்காரர்.