ஜன்னலோரமா வைம்மா

டொராண்டோவுக்கு வந்தபோது பெட்டியில் ஒரு தடித்த ஃபைல் இருந்தது. எல்லாச் சான்றிதழுக்கும் இரண்டிரண்டு ஜெராக்ஸ், கும்பகோணத்தில் எடுத்தது. இங்கே வாடகை வீட்டுக்கு அலைந்தபோதும் சரி, வேலையில் சேர்ந்தபோதும் சரி, அதை யாரும் கேட்கவில்லை. பிடிஎஃப் அனுப்புங்கள் என்றுதான் சொன்னார்கள். பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம் எல்லாவற்றையும் சமையல் மேடையில் வைத்து ஐபோனின் நோட்ஸ் செயலியிலேயே ஸ்கேன் செய்து அனுப்பப் பழகிவிட்டேன்.

அம்மாவை அழைக்க முடிவு செய்தபோதுதான் சிக்கல் வந்தது. பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரு தடவை வந்தால் 5 ஆண்டு வரை தங்கலாம். அழைப்புக் கடிதம், வருமானச் சான்று, குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் இங்கேயே தயார் செய்துவிடலாம். ஆனால் நான் அவள் மகள் என்று காட்ட என் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மூலம் அம்மாவின் பீரோவில் இருந்தது. என்னிடம் இருந்த ஜெராக்ஸில் முத்திரை வெறும் கறுப்புத் திட்டு.

அது தமிழில் கையால் எழுதிய பழைய சான்றிதழ். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அம்மா போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். லேமினேஷன் மேல் ட்யூப் லைட் பளீரென்று அடித்திருந்தது. பதிவு எண்ணைப் படிக்க முடியவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"பிரவுசிங் சென்டருக்குப் போயிட்டு வரட்டுமாடி?" என்றாள். முழங்கால் வலியோடு அவள் படியேறுவதை நினைக்கவே மனசு வரவில்லை. அதோடு, யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் நம் சான்றிதழின் நகல் தங்கிப்போவதும் எனக்குப் பிடிக்காது. முன்பு ஊரில் எல்லோரும் வைத்திருந்த கேம்ஸ்கேனர் என்ற ஸ்கேன் செயலியை 2020இல் இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். பரவாயில்லை, அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவ் இருந்தது. அதிலேயே ஸ்கேன் வசதி உண்டு.

இங்கே இரவு 9 மணி, அங்கே காலை 7.30. எதிர்வீட்டுப் பெண் தன் போனில் வீடியோ கால் போட்டுப் பிடித்துக்கொண்டாள். அம்மா சான்றிதழை வெள்ளைப் படுக்கை விரிப்பில் வைத்திருந்தாள். தாளும் வெள்ளை, துணியும் வெள்ளை. ஓரம் எங்கே என்று போனுக்குப் பிடிபடவில்லை. அரக்குப் புடவை ஒன்றை மடித்துப் போட்டு அதன் மேல் வைத்ததும் நாலு மூலையும் சட்டென்று சிக்கின. "லைட்டை அணைச்சிட்டு ஜன்னலோரமா வைம்மா, ஃப்ளாஷ் வேண்டாம்" என்றேன். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ, பளபளப்பு போய்விட்டது. ஆனாலும் கறுப்பு வெள்ளையில் முத்திரை மங்கலாகத்தான் வந்தது. கலருக்கு மாற்றச் சொன்னேன். அப்புறம் பின்பக்கத்தையும் அதே கோப்பில் சேர்த்தாள்.

போட்டோவாக அனுப்பினால் வாட்ஸப் சுருக்கிவிடும். அதனால் டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து பிடிஎஃபையே அனுப்பச் சொன்னேன். விண்ணப்பத் தளத்தில் ஒரு கோப்புக்கு 4 எம்பிதான் அனுமதி. இது 2 எம்பிகூட வரவில்லை.

வந்ததும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊதா முத்திரை, அதன் குறுக்கே பச்சை மைக் கையெழுத்து, நடுவில் பழைய மடிப்புக் கோடு. ஓரத்தில் அம்மாவின் கட்டைவிரல் நுனியும் கொஞ்சம் விழுந்திருந்தது. எழுத்து எதையும் மறைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

நாளை இதே நேரத்துக்கு அவளுடைய பாஸ்போர்ட். கடைசிப் பக்கத்தையும் மறக்காமல் எடு என்றேன்.

"அதுலதானேடி உங்கப்பா பேரு இருக்கு. அதைப் போய் விடுவேனா?" என்றாள்.