புற்றுச் செல்லைப் போர்த்தும் தட்டணுக்கள்

கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தில் கலக்கும் புற்றுச் செல்களில் மிகப் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. இரத்த ஓட்டத்தின் விசையும், இயற்கைக் கொல்லி செல்கள் எனப்படும் எதிர்ப்பணுக்களும் அவற்றை விரைவிலேயே அழித்துவிடுகின்றன. தப்பிப் பிழைத்து நுரையீரலிலோ கல்லீரலிலோ குடியேறும் சிலவற்றுக்குத் துணைபோவது, காயம் பட்டால் இரத்தத்தை உறையவைத்து நம்மைக் காக்கும் அதே தட்டணுக்கள்தான் என்பது இன்றும் என்னைத் திகைக்க வைக்கிறது.

பல புற்றுச் செல்கள் தம் மேற்பரப்பில் உறைதலைத் தூண்டும் திசுக்காரணி என்ற புரதத்தைத் தாங்கியிருப்பதால், அவற்றைச் சுற்றி, இரத்தத்தை உறையவைக்கும் நொதியான த்ராம்பின் உருவாகி, தட்டணுக்கள் விழித்துக்கொள்கின்றன. விழித்த தட்டணுவின் வெளிப்புறத்தில் தோன்றும் பி-செலக்டின் என்ற ஒட்டுப்புரதம், புற்றுச் செல்லின் சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்ள, செல்லைச் சுற்றி ஒரு போர்வையே உருவாகிவிடுகிறது. கொல்லி செல்களால் அதை எளிதில் நெருங்க முடிவதில்லை. அத்துடன், தட்டணுக்கள் வெளியிடும் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி புற்றுச் செல்லை இன்னும் ஊடுருவும் தன்மை உடையதாக மாற்றுகிறது என்பதை 2011-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்.

இரத்தம் உறையாதிருக்கத் தரும் மருந்துகள் எல்லாம் இந்தப் பிணைப்பில் ஒரே இடத்தில் குறுக்கிடுவதில்லை. வார்ஃபரின் உறைதல் காரணிகள் முறையாக உருவாவதைத் தடுத்து, த்ராம்பினைக் குறைக்கிறது. ஹெப்பாரினோ த்ராம்பினை அடக்குவதோடு பி-செலக்டினையும் நேரடியாக மறித்துவிடுகிறது. 2001-இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்று, தட்டணுக்கள் புற்றுச் செல்லோடு ஒட்டுவது இதனால் குறைவதைக் காட்டியது. என் சித்திக்குக் கணையப் புற்றுநோய்ச் சிகிச்சையின் நடுவே தொடையில் இரத்தம் உறைந்தபோது, ஹெப்பாரின் வகையைச் சேர்ந்த எனாக்ஸபாரின் ஊசியை, தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலை மடித்துப் பிடித்து வீட்டிலேயே போட்டுவந்தோம். அந்த ஊசி புற்றையும் தடுக்குமா என்ற ஆசை அப்போது எனக்குள் எழுந்தது.

மனிதர்களிடம் செய்த சோதனைகள் அந்த ஆசைக்கு இடம் தரவில்லை. பிரிட்டனில் 2,202 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஃபிராக்மாட்டிக் சோதனையில், ஹெப்பாரின் வகையான டால்டெபாரின் இரத்தக்கட்டிகளைக் குறைத்ததே தவிர, ஆயுளைக் கூட்டவில்லை, இரத்தக்கசிவும் அதிகரித்தது.

ஆஸ்பிரினின் வழி வேறு. அது தட்டணுவிலுள்ள காக்ஸ்-1 நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. உட்கரு இல்லாத தட்டணுவால் புதிய நொதியைப் போதிய அளவு செய்துகொள்ள முடியாததால், ஏழு முதல் பத்து நாள் வரையிலான அதன் வாழ்நாள் முழுவதும் தட்டணுக்களை ஒன்றுசேரத் தூண்டும் த்ராம்பாக்சேன் என்ற பொருளின் உற்பத்தி நின்றுவிடுகிறது. இந்தத் த்ராம்பாக்சேன், புற்றுச் செல்களைத் தாக்கும் எதிர்ப்பணுக்களான டி செல்களின் போராடும் திறனையும் மழுங்கடிக்கிறது என்று 2025-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தது எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. அதே ஆண்டு வெளியான அலாஸ்கா (ALASCCA) என்று பெயரிட்ட ஸ்காண்டிநேவியச் சோதனையில், பிஐகே3சிஏ மரபணு மாற்றமுள்ள பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் அறுவைக்குப் பின் நாள்தோறும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தபோது, மூன்றாண்டுகளில் நோய் திரும்பியோர் விகிதம் 14.1-இலிருந்து 7.7 சதவீதமாகக் குறைந்தது. ஆனால், பெரும்பாலும் 70 வயதைக் கடந்த, ஓரளவு நலமாக இருந்த 19,114 பேரிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வில், ஆஸ்பிரின் எடுத்தவர்களிடையே புற்றுநோய் மரணங்கள் கூடுதலாகவே பதிவாயின. ஆகவே இந்த மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும், மரபணுச் சோதனை முடிவையும் தட்டணு எண்ணிக்கையையும் கையில் வைத்திருக்கும் புற்றுநோய் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.